அரசியலமைப்பைக் காக்கச் சொல்லி உங்கள் சிட்டி கவுன்சிலிடம் கேட்பது எப்படி: அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு கையேடு

வாஷிங்டன் செய்திகளைப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் இரவு பன்னிரண்டு மணி வரை கொதிக்கிற நம் ஆட்களில் பாதிப்பேருக்குச் சொந்த ஊர் கவுன்சிலர் யாரென்று தெரியாது. குப்பை அள்ளவும் ரோடு போடவும் இருக்கிற நகராட்சி, நீதிமன்ற உத்தரவு மதிக்கப்படுகிறதா, தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்ற விஷயத்தில் எல்லாம் என்ன செய்துவிடப் போகிறது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் போலீஸ் அதன் கையில். வண்டி நம்பரைப் படமெடுக்கிற கேமராக்கள் அதன் கையில். யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்கிற நூலகப் பதிவு பல ஊர்களில் அதன் கையில். வழக்குப் போட அதற்கென்று ஒரு வக்கீலும் இருக்கிறார்.

எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடப்போகிறது: ஜனநாயகத்தைப் பற்றி ஊர் ஒரு கருத்துச் சொல்லட்டும் என்று கேட்காதீர்கள். ஊரின் அதிகாரத்துக்குள் இருக்கிற ஒரு வேலையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கருத்தை எந்தக் கவுன்சிலும் சிரித்த முகத்தோடு நிறைவேற்றிக் கொடுத்துவிடும், அடுத்த நாள் காலையில் எதுவும் மாறியிருக்காது.

எது யார் கையில்

இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்ப வேண்டாம். பெரும்பாலான இடங்களில் சிறை கவுண்டியுடையது, அதை நடத்துபவர் ஷெரிஃப், அவர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். குடியேற்றத் துறையோடு உள்ளூர்க் காவல் கூட்டுச் சேரும் 287(ஜி) ஒப்பந்தங்களில் நிறைய ஷெரிஃப்கள் போட்டவைதான். அதை ரத்து செய்யச் சொல்லி சிட்டி கவுன்சிலிடம் போய் நின்றால் மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். தேர்தலும் அப்படித்தான். பல மாநிலங்களில் அது கவுண்டியின் பொறுப்பு. மிச்சிகன், விஸ்கான்சின், நியூ இங்கிலாந்து மாநிலங்களில் பெரும்பாலும் ஊர் கிளார்க்கே வாக்குப்பதிவை நடத்துகிறார். அங்கே வசிப்பவர்களுக்கு அடித்தது யோகம். கிளார்க் அலுவலகத்துக்குப் பாதுகாப்பு, வாக்குச்சாவடி ஊழியருக்குக் கூடுதல் நிதி என்று நேரடியாகவே கேட்கலாம்.

அப்புறம், உங்கள் ஊர் மேயருக்கு நிஜமாகவே அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏகப்பட்ட ஊர்களில் சிட்டி மேனேஜர் என்றொருவர் இருப்பார். போலீஸ் தலைவர் பதில் சொல்வது அவருக்குத்தான், மேயர் வெறுமனே கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். அப்படிப்பட்ட ஊரில் மேயருக்கு நூறு கடிதம் எழுதுவதைவிட, மேனேஜருக்கு உத்தரவிடும்படி கவுன்சிலில் பெரும்பான்மை திரட்டுவதுதான் வழி.

மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், இது சலிப்பான வேலைதான். நகரங்கள் மாநிலத்தின் பிள்ளைகள் என்பது 1868-ல் அயோவா நீதிபதி ஜான் டில்லன் எழுதிய தீர்ப்பிலிருந்து வருகிற கோட்பாடு. சில மாநிலங்கள் நகரங்களுக்கு விரிவான சுயாட்சி கொடுத்திருக்கின்றன, சில கொடுக்கவில்லை. டெக்சாஸ் 2017-லும் ஃப்ளோரிடா 2019-லும் குடியேற்றத் துறைக்கு உள்ளூர் ஒத்துழைப்பை மறுக்கும் கொள்கைகளையே தடை செய்தன. அங்கே இருப்பவர்கள் அந்த ஒரு கோரிக்கையை விட்டுவிட்டு மற்றதைக் கேட்கலாம். வாயைத் திறக்கவே கூடாது என்று அர்த்தமில்லை: அப்படிப்பட்ட கொள்கைகளை ஆதரித்துப் பேசக்கூட தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்குத் தடை என்ற டெக்சாஸ் சட்டத்தின் பிரிவு பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கவுன்சிலர்கள் பயப்படுவது எதற்கு

முதல் பயம், "ஃபெடரல் அரசை நாம் எப்படி எதிர்ப்பது?" எதிர்க்க வேண்டாம் என்பதுதான் பதில். தடுப்பது வேறு, கைகொடுக்காமல் இருப்பது வேறு. ஃபெடரல் அதிகாரிகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யலாம், உள்ளூர் ஊழியர்களை அந்த வேலைக்கு இழுத்துவிட முடியாது. 1997-ல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஃபெடரல் அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கே என்கிற பத்தாவது திருத்தத்தைத் துணைக்கு வைத்துச் சொன்னது இதுதான். இந்த வழக்கின் பின்னணி உங்களுக்கு ரொம்பவே உதவும். வழக்குப் போட்டவர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடிக்காத ஷெரிஃப்கள். மொன்டானாவில் ஒருவர், அரிசோனாவில் ஒருவர். தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதி ஸ்கேலியா. பழமைவாதக் கவுன்சிலர் ஒருவர் முகத்தைச் சுளித்தால், இது உங்கள் பக்கத்து ஆட்கள் வாங்கிக்கொடுத்த உரிமை ஐயா என்று அமைதியாகச் சொல்லலாம்.

இரண்டாவது பயம் பணம். ஃபெடரல் நிதி நின்றுபோனால் என்ன செய்வது? இதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள், நியாயமான பயம். 2017-ல் குடியேற்றத் துறையோடு ஒத்துழைக்காத நகரங்களின் நிதியை நிறுத்தும் ஜனாதிபதி உத்தரவு வந்தபோது சான்ஃபிரான்சிஸ்கோவும் சான்டா கிளாரா கவுண்டியும் வழக்குப் போட்டன. நிதிக்கு நிபந்தனை போடும் அதிகாரம் காங்கிரஸுக்குத்தான், ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்குப் புதிதாகச் சேர்க்க முடியாது என்று 2018-ல் ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-லும் நகரங்கள் சேர்ந்து போய் தடையுத்தரவு வாங்கின. ஆனால் வழக்கு ஜெயிக்கும்வரை ஊரின் கணக்குப் புத்தகம் காத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதனால் கவுன்சிலரிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி வைக்காதீர்கள். எந்தெந்த ஃபெடரல் மானியம் வருகிறது, எதில் என்ன நிபந்தனை என்று பட்டியல் போட்டுத்தரும்படி ஊரின் வக்கீலான சிட்டி அட்டர்னியையும் நிதித்துறையையும் கேட்கச் சொல்லுங்கள். பயத்துக்கு ஒரு தொகை தெரிந்துவிட்டால் பேச்சு நிதானமாகிவிடும்.

என்ன வடிவத்தில் கேட்பது

பிராக்ளமேஷன் என்பது மேயர் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற தாள். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ரெசொல்யூஷன், அதாவது தீர்மானம், கவுன்சில் வாக்களித்து வருவது. ஊர் ஊழியர்களுக்கு அதில் உத்தரவு கொடுக்க முடியும், பெரும்பாலும் ஒரே கூட்டத்தில் முடியும். ஆர்டினன்ஸ் என்பது நகரத்தின் சட்டம். பல ஊர்களில் இரண்டு முறை வாசித்து வாக்களிக்க வேண்டும். வருவது கடினம், அடுத்த கவுன்சில் வந்து துடைத்தெறிவதும் கடினம்.

இந்த வித்தியாசத்தைப் பார்க்க நல்ல உதாரணம், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைப் பெருக்கிய பேட்ரியாட் சட்டத்தின் காலம். 2001 அக்டோபரில் அந்தச் சட்டம் வந்த சில மாதங்களில் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் தொடங்கிய எதிர்ப்புத் தீர்மானங்கள் அடுத்த சில வருடங்களில் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவின. நியூயார்க் நகர கவுன்சில் 2004-ல் நிறைவேற்றியது, அதற்கு முன்பே குடியரசுக் கட்சி கையிலிருந்த அலாஸ்கா சட்டமன்றமும் நிறைவேற்றியிருந்தது. பெரும்பாலானவை கவலை தெரிவித்ததோடு சரி. கலிஃபோர்னியாவின் ஆர்காட்டா என்ற சின்ன ஊர் மட்டும் 2003-ல் ஆர்டினன்ஸாகவே போட்டு, அரசியலமைப்புக்கு விரோதமான விசாரணைக்கு நகரத் துறைத் தலைவர்கள் தாமாக முன்வந்து ஒத்துழைத்தால் 57 டாலர் அபராதம் என்றது. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அந்த ஊர் அதிகாரி ஒவ்வொருவரும் அதைப் படித்துத்தான் ஆகவேண்டியிருந்திருக்கும்.

வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள், கவுன்சிலருக்கு நேரமில்லை. அமெரிக்கத் தீர்மானங்களில் தொடக்கத்தில் காரணங்களை அடுக்குகிற பத்திகள் இருக்கும், நம் ஆட்கள் இதில் மாக்னா கார்ட்டாவிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். நாலு பத்தி போதும், எல்லாமே உங்கள் ஊரைப் பற்றி இருக்கட்டும். உழைப்பு முழுவதும் அதற்குப் பிறகு வருகிற உத்தரவுப் பகுதியில் போகட்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன, எப்போதுக்குள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

எந்த மாதிரி உத்தரவு? நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் நகரக் கட்டடங்களின் பொதுமக்களுக்குத் திறக்காத பகுதிகளுக்குள் யாரையும் விடக்கூடாது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம். குடியேற்றத் துறை தானே கையெழுத்துப் போட்டுத் தருகிற நிர்வாக வாரண்டுக்கும் நீதிபதியின் வாரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வரவேற்பறை ஊழியர் ஏராளம், இந்த ஒரு பயிற்சியே பெரிய காரியம். வண்டி நம்பர் கேமராக்களின் பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, வெளியூர் முகமைகள் யார் யார் அதில் தேடினார்கள் என்று பொது அறிக்கை கேட்கலாம். ஓக்லண்ட் 2018-ல், கண்காணிப்புக் கருவி வாங்கும் முன் கவுன்சிலின் அனுமதி வேண்டும் என்றே சட்டம் போட்டது. மற்ற நகரங்களின் வழக்குகளில் ஆதரவு மனு போட சிட்டி அட்டர்னிக்கு முன்கூட்டியே அனுமதி கொடுக்கச் சொல்லலாம், சின்ன ஊருக்கு இது மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை. எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்காதீர்கள். இரண்டு போதும்.

வாக்குகளை எண்ணுவது

ஏழு பேர் கவுன்சில் என்றால் நாலு வாக்கு வேண்டும். ஏற்கெனவே ஆதரவான ஒருவரை முன்மொழியச் சொல்லுங்கள், ஆனால் உங்கள் நேரம் மதில்மேல் இருக்கிற இரண்டு பேரோடு போகட்டும். நேரில் பாருங்கள். அவர் வார்டில் வசிப்பவர்கள் மூன்று நாலு பேராகப் போனால் போதும், கூட்டமாகப் போனால் மிரட்டல் மாதிரி ஆகிவிடும். கலிஃபோர்னியாவில் ஒரு எச்சரிக்கை: அங்கே பிரவுன் சட்டத்தின்படி கவுன்சிலின் பெரும்பான்மை உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில், இன்னொருவர் மூலமாகக்கூட, பேசி முடிவெடுக்கக் கூடாது. "அவர் சரி சொல்லிவிட்டார், இவர் யோசிக்கிறார்" என்று ஒருவர் நிலைப்பாட்டை இன்னொருவரிடம் நீங்கள் தூது சுமந்தால் அவர்களை வம்பில் மாட்டிவிடுகிறீர்கள். உங்கள் வாதத்தை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அதே சட்டத்தில் வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும், அஜெண்டாவில் இல்லாததைப் பற்றி நீங்கள் பேசலாம், ஆனால் கவுன்சில் அன்று முடிவெடுக்க முடியாது. மற்ற மாநிலங்களில் விதி மாறும், சிட்டி கிளார்க்குக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார். கிளார்க்கோடு நட்பாக இருங்கள்.

மைக் முன்னால்

பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடம், கூட்டம் அதிகமென்றால் ஒன்றாகவும் குறைப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் என்றால் சுமார் 250 சொல். எங்கே வசிக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பதை முதல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "வணக்கம், வாய்ப்புக்கு நன்றி, மாண்புமிகு" என்று மேடைத் தமிழை ஆங்கிலத்தில் பேசினால் மணி அடித்துவிடும். கட்சித் தலைவர்கள் பெயரை எடுக்காதீர்கள், எடுத்த நொடியில் மதில்மேல் இருந்தவர் அந்தப் பக்கம் குதித்துவிடுவார்.

குடியுரிமை வாங்கியவர்களிடம், இங்கேயே பிறந்தவர்களிடம் இல்லாத ஒரு வாதம் இருக்கிறது. அந்த நாளில் கையை உயர்த்தி, அரசியலமைப்பை உள்நாட்டு, வெளிநாட்டு எதிரிகள் அனைவரிடமிருந்தும் காப்பேன் என்று உறுதிமொழி சொன்னீர்கள். கவுன்சிலர்களும் பதவியேற்கும்போது அரசியலமைப்பைக் காப்பதாகச் சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "நானும் சொன்னேன், நீங்களும் சொன்னீர்கள், என் பங்குக்கு வந்து நிற்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், "இது நகராட்சி வேலையில்லை" என்று பதில் சொல்வது சங்கடமாகிவிடும். சான் பிரான்சிஸ்கோ வழக்கை ஒருவர் சொல்லட்டும், பட்ஜெட்டை ஒருவர் சொல்லட்டும், இதை மட்டும் அந்த உறுதிமொழி எடுத்தவரே சொல்லட்டும்.

எச்1பி-யிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு: பெரும்பாலான கவுன்சில்களில் பேசுவதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் கூட்டம் வீடியோவாகப் பதிவாகும், அனுப்பும் மின்னஞ்சலும் பொதுப் பதிவாகிவிடும். உங்கள் நிலைமையை நீங்களே எடைபோடுங்கள், வரைவு எழுதுவதும் அஜெண்டாவைக் கண்காணிப்பதும் மைக்கில் பேசுவதற்குச் சற்றும் குறைந்த வேலையில்லை. யாரையும் "வாங்க, ஒன்றும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

தமிழ்ச் சங்கத்தின் பெயரில் செய்யலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். சங்கம் 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பு என்றால், வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடவே கூடாது. தீர்மானத்துக்கு ஆதரவு திரட்டலாம். ஆனால் வருமான வரித்துறை கணக்கில் உள்ளூர் கவுன்சில் தீர்மானமும் சட்டமியற்றலில் சேரும், அந்த வகை வேலை சங்கத்தின் மொத்தச் செயல்பாட்டில் கணிசமான பங்காக ஆகிவிடக் கூடாது. செயற்குழுவில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் விட்டுவிடுங்கள். இருபது குடியிருப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திட்ட கடிதத்துக்குக் கவுன்சிலில் மதிப்பு அதிகம், சங்கத்தின் பொங்கல் விழாவும் தகராறில்லாமல் நடக்கும்.

நிறைவேறிய பிறகு

தீர்மானம் வென்ற இரவில் குழு கலைந்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, நகராட்சி ஊழியர்களுக்கும் அது தெரியும். அதனால் 90 நாளில் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வேண்டும் என்ற வரியை வரைவிலேயே வைத்துவிடுங்கள். அந்தத் தேதியை இரண்டு பேர் தங்கள் காலண்டரில் போட்டு வைக்கட்டும். அறிக்கை வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்தில் மைக் முன்னால் அதை மட்டும் கேளுங்கள். அத்தோடு, பயிற்சி நடந்ததா, கேமராப் பதிவில் யார் தேடினார்கள் என்று பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுத்தில் மனுப் போடுங்கள். பணம் தேவைப்படுகிற உத்தரவு என்றால் பட்ஜெட் விசாரணைக் கூட்டத்துக்கும் போக வேண்டியிருக்கும். பல நகரங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது, அப்படியென்றால் வசந்த காலத்திலேயே போய் உட்காருங்கள், ஜூன் மாதம் போனால் எல்லாம் ஒதுக்கி முடித்திருப்பார்கள்.