தோட்டத்து ரயில்பாதைக்கு மரச் சிலிப்பர் செய்யும் முறை

மட்டக்களப்புக்கு வரும் புகையிரதப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1676 மில்லிமீற்றர்; வீட்டுத் தோட்டத்தில் ஓடவிடும் சிறிய மாதிரி ரயிலுக்கு வழக்கமான அகலம் 45 மில்லிமீற்றர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 37 வருவதால், 9 அடி நீளமும் 10 அங்குல அகலமும் 5 அங்குலத் தடிப்பும் உள்ள அகலப்பாதைச் சிலிப்பர், அதாவது தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டை, நமக்கு 74 மில்லிமீற்றர் நீளமாகவும் 7 மில்லிமீற்றர் அகலமாகவும் 3.4 மில்லிமீற்றர் தடிப்பாகவும் சுருங்கும். வாங்கி வைத்திருக்கும் வண்டிகள், ஒரு மீற்றர் அகலமுள்ள மீற்றர்ப் பாதையின் வண்டிகளை 22.5 மடங்கு சுருக்கிய (1:22.5) மாதிரிகள் என்றால், நீளத்தை 80 மில்லிமீற்றராகவும் அகலத்தை 9 மில்லிமீற்றராகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளத்திலும் அகலத்திலும் கணக்குப் பிசகக் கூடாது. தடிப்பில் அந்தக் கண்டிப்புத் தேவையில்லை. 3.4 மில்லிமீற்றர் கட்டையில் ஆணி நிற்காது, ஒரு மாரி கழிவதற்குள் அது நெளிந்தும் விடும். சல்லிக்குள் புதையும் பகுதியை எவரும் பார்க்கப்போவதில்லை என்பதால் 8 மில்லிமீற்றர் தடிப்பாக அறுப்பதே புத்தி.

மரத் தெரிவில்தான் பாதையின் ஆயுள் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் ஊறி, கச்சான் காற்றில் காய்ந்து, இடையில் கறையானுக்கும் தப்ப வேண்டிய கட்டை இது. பாலை, முதிரை, தேக்கு ஆகியவற்றின் வைரம் பாய்ந்த பகுதி ஏற்றது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி எந்த மரத்தினதாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும். இதற்காக மரம் தறிக்கத் தேவையில்லை. மரக்காலையிலும் தச்சுப் பட்டறையிலும் ஒதுக்கும் துண்டுகளும் பழைய வீட்டு நிலைச் சட்டங்களும் போதும். பழைய சட்டம் பல ஆண்டுகள் காய்ந்திருப்பதால் எனக்கு அதுவே மேல். ஆனால் அறுக்குமுன் ஒவ்வோர் ஆணியையும் தேடிப் பிடுங்க வேண்டும். முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் சொறியையும் உண்டாக்கும், ஆதலால் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

சிலிப்பர்களை, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 18 மில்லிமீற்றர் வரும்படி அடுக்கினால் 10 மீற்றர் பாதைக்கு ஏறத்தாழ 560 கட்டைகள் வேண்டும். 2 அடிக் கீற்று ஒன்றில், வாள் தின்னும் 2 மில்லிமீற்றரையும் சேர்த்துப் பார்த்தால், கணக்கின்படி 8 கட்டைகள் வரும். எனினும் வெடித்த நுனிகளைக் கழிக்க நேரும் என்பதால் 7 என்றே எண்ணி 80 கீற்றுகளை அறுத்துக்கொள்வது நல்லது.

பலகையை முதலில் 7 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி, பின்னர் வட்டவாள் மேசையின் ஓரச் சட்டத்தை 8 மில்லிமீற்றரில் இறுக்கி, மரத்தின் ரேகை கட்டையின் நீளவாக்கில் ஓடும்படி கீற்றுகளாக அறுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் சீவிய முகங்கள் பக்கங்களாகவும் வாள் பட்ட முகங்கள் மேலும் கீழுமாகவும் அமையும். மேல்முகத்தின் சொரசொரப்பு பழைய கட்டையின் தோற்றத்தைத் தரும். கீழ்முகத்தின் சொரசொரப்பு சல்லியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய கீற்றை விரலால் தள்ளாமல் தள்ளுகட்டையால் மட்டுமே தள்ள வேண்டும். நீளத்துக்கு வெட்ட, ஒரு பலகையில் 74 மில்லிமீற்றரில் தடைக்கட்டை ஒன்றை அறைந்து, நுண்பல் கைவாளால் அறுத்தால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும்.

பாலையிலோ முதிரையிலோ நேரே ஆணி அடித்தால் கட்டை பிளந்துவிடும். 1.2 மில்லிமீற்றர் ஆணிக்கு 1 மில்லிமீற்றர் துளை போதும். தண்டவாளத்தின் அடிப்பாக அகலத்தை அளந்து, நான்கு துளைகளுக்கும் ஒரு தகட்டு அச்சுச் செய்து, அதைக் கட்டையின் மேல் வைத்தே எல்லாவற்றையும் துளைக்க வேண்டும். அலுமினியத் தண்டவாளத்தில் பித்தளை ஆணி கூடாது; உப்புக் காற்றில் ஈரம் பட்டதும் இரண்டும் தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு ஆணியே அதற்குப் பொருத்தம்.

நிறத்துக்கு, எண்ணெய் நீக்கிய இரும்புக் கம்பளியை வினாகிரியில் சில நாள் ஊறவிட்டு, வடித்த நீரைப் பூசலாம். துவர்ப்புள்ள மரத்தில் அது கருஞ்சாம்பல் நிறத்தைத் தரும். மரத்துக்கு மரம் நிறம் மாறுவதால் கழிவுத் துண்டொன்றில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைகள் நன்றாகக் காய்ந்த பின், துளையிட்ட நிலையிலேயே அவற்றை ஆளி விதை எண்ணெயில் தோய்த்து எடுக்க வேண்டும். நீர் புகுவது பெரும்பாலும் நுனிகளின் வழியாகத்தான் என்பதால் நுனிகளுக்கு மட்டும் மீண்டும் ஒருமுறை தோய்ப்பு வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது, அது தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிட வேண்டும். போராக்ஸ் கறையானைக் கொல்லும் என்றாலும் திறந்த வெளியில் மழை அதைக் கழுவிவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. செம்பு கலந்த மரக்காப்பு மருந்தை அலுமினியத் தண்டவாளத்தின் அருகில் சேர்க்கவே கூடாது.

பாதைக்கு அடியில் கடற்கரை மணலை இடாமல், கல்குவாரிச் சல்லியின் பொடிக் கற்களை இரண்டு அங்குல உயரத்துக்கேனும் பரப்ப வேண்டும். மழைநீர் வடிந்துபோக வழி இருந்தால் கட்டை ஈரத்தில் கிடக்காது. வீட்டுச் சுவரிலிருந்து பாதைக்குக் கறையான் மண்கூடு கட்டி வருகிறதா என்பதையும் அங்கே எளிதாகக் காணலாம்.