புருஷன் பொண்டாட்டி சேர்ந்து செலவக் கொறைச்சு கடன அடைக்கிறது எப்படி

கடன் கழுத்த நெரிக்குதுன்னு யார்கிட்ட சொன்னாலும் மொதல்ல வர்ற பதில் செலவக் கொறைங்கன்னுதான். சரிதான், ஆனா அதோட நிறுத்திட்டா பிரயோஜனம் இல்ல, ஏன்னா கொறைச்ச காசு சம்பள அக்கவுண்ட்லயே கெடந்துச்சுன்னா மாசக் கடைசிக்குள்ள அது வேற ஏதோ ஒரு செலவாப் போயிடும், எங்க போச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. ஒரு சப்ஸ்கிரிப்ஷன கட் பண்ணீங்கன்னா அந்தத் தொகை அன்னிக்கே கடன் அக்கவுண்ட்டுக்குப் போகணும், அப்பத்தான் அது மிச்சம். கீழ எழுதியிருக்கிறது எல்லாமே இந்த ஒரு பழக்கத்த கொண்டு வர்றதுக்கான ஏற்பாடுதான்.

ரெண்டு பேரா செய்யும்போது கணக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. யாருக்கு எங்க எவ்வளவு கடன் இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியணும், முழுசாத் தெரியணும். வீட்டுக் கடன் வண்டிக் கடனெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மாட்டிக்கிறது மத்ததுலதான்: நண்பர்கிட்ட வாங்குன கைமாத்து, ஆபீஸ்ல எடுத்த அட்வான்ஸ், கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்த பழைய கார்டு, போன்ல ஆப் மூலமா எடுத்த சின்னச் சின்ன லோன், இப்ப வாங்கு அப்புறம் கட்டுன்னு வாங்கிப் போட்ட சாமான், யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து. அந்த ஜாமீன் கையெழுத்த நெறைய பேர் கடன் லிஸ்ட்லயே சேர்க்க மாட்டாங்க, அவர் கட்டலன்னா பேங்க் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

இதப் பேச உக்கார்ற மொத நாளுக்கு ஒரே ஒரு ரூல் வச்சுக்கோங்க, அன்னிக்கு எழுதுறது மட்டும்தான், திட்டுறது கெடையாது. "இத ஏன் எங்கிட்ட சொல்லல"ன்னு அன்னிக்கே ஆரம்பிச்சா அடுத்த கடன் வெளியவே வராது, பாதியோட நோட்ட மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. கோபம் வர்றது நியாயம்தான், அத ரெண்டு நாள் கழிச்சு தனியாப் பேசிக்கலாம். நோட்லயோ போன் ஷீட்லயோ ஒவ்வொரு கடனுக்கும் இவ்வளவு எழுதுனாப் போதும்: யாருக்குத் தரணும், இன்னிக்கு பாக்கி எவ்வளவு, வருஷ வட்டி எத்தன பர்சென்ட், மாசம் எவ்வளவு கட்டுறோம், எந்தத் தேதி, யார் பேர்ல இருக்கு. வட்டி எழுதுற எடத்த மட்டும் காலியா விட்டுடாதீங்க, அது தெரியாம அடுத்து எதுவுமே செய்ய முடியாது.

கிரெடிட் கார்டு இருந்தா அந்த ஸ்டேட்மென்ட்ட ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு தடவையாவது மேலருந்து கீழ வரைக்கும் படிங்க. பெரிய எழுத்துல மொத்த பாக்கி இருக்கும், பக்கத்துலயே மினிமம் டியூன்னு, அதாவது அந்த மாசம் கொறஞ்சது இவ்வளவாவது கட்டணும்னு, ஒரு சின்னத் தொகை இருக்கும், கண்ணு நேரா அங்கதான் போகும். கீழ எங்கயாவது பைனான்ஸ் சார்ஜ் இல்லன்னா வட்டின்னு ஒரு வரி வரும், அதுக்கு மேல டாக்ஸ் போட்ருப்பாங்க, லேட் ஃபீ தனியா இருக்கும். போன மாசம் நீங்க கட்டுன பணத்துல இந்தத் தொகை எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க, மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் கடன்ல கொறைஞ்சது.

ஒரு கணக்கு. கார்டு பாக்கி 1,00,000, வட்டி மாசம் 3 பர்சென்ட்னு வச்சுக்கோங்க, அதாவது வருஷம் 36. மாசம் 5,000 கட்டுனா அதுல 3,000 வட்டிக்கே போயிடும், அசல்ல கொறையிறது வெறும் 2,000. ஆனாலும் எந்த மாசமும் மாத்தாம அதே 5,000ஐ விடாமக் கட்டுனா 31 மாசத்துல கடன் முடிஞ்சிடும். அதுவே பாக்கி கொறையக் கொறைய கார்டுக்காரங்க கேக்குற மினிமம், அது பாக்கில 5 பர்சென்ட்னு வச்சுக்கோங்க, அத மட்டும் கட்டிட்டே வந்தா அதே 31 மாசம் கழிச்சும் பாதிக்கு மேல கடன் அப்படியே நிக்கும். ரெண்டுலயும் ஆரம்பிக்கிறது கிட்டத்தட்ட ஒரே தொகைலதான், ஒருத்தர் தொகைய இறக்கவே இல்ல, இன்னொருத்தர் மாசாமாசம் இறக்கிட்டே வந்தாரு, வித்தியாசம் அவ்வளவுதான். செலவக் கொறைச்சு 10,000 கட்ட முடிஞ்சா ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், மொத்த வட்டி ஏறக்குறைய 55,000 போற எடத்துல 21,000க்குள்ள முடியும்.

இன்னொண்ணு, பெரும்பாலான கார்டுல போன மாச பாக்கிய முழுசாக் கட்டலன்னா புதுசா வாங்குறதுக்கு அந்த வட்டியில்லாத நாள் சலுகை கெடைக்காது, வாங்குன நாள்லருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்ல கார்டு போட்டுப் பணம் எடுத்தா அதுக்கும் அன்னிலருந்தே வட்டி, ஃபீஸ் வேற தனி. அதனால கடன் தீர்ற வரைக்கும் அந்தக் கார்ட எடுத்து உள்ள வைங்க, ஷாப்பிங் ஆப்ல சேவ் ஆயிருக்கிற நம்பரையும் டெலீட் பண்ணிடுங்க, ஏன்னா பர்ஸ்ல இருக்கிற கார்டவிட ஆப்ல இருக்கிற கார்டுதான் அதிகமாச் செலவு பண்ணுது.

தனிநபர் லோன் வண்டி லோன்ல வட்டிய எப்படிச் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. பிளாட் ரேட் 10 பர்சென்ட்னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க மாசாமாசம் அசலக் கட்டிட்டே வந்தாலும் வட்டிய மட்டும் மொத அசலுக்கே கடைசி வரைக்கும் போடுவாங்க. மூணு வருஷத்துக்குக் கணக்குப் பண்ணா கொறையிற பாக்கிக்குப் போடுற வட்டில அது கிட்டத்தட்ட 18 பர்சென்ட்டுக்குச் சமம். லிஸ்ட்ல 10னு எழுதாம 18னு எழுதுங்க, எத மொதல்ல அடைக்கணுங்கிற வரிசையே மாறிடும்.

எத மொதல்ல அடைக்கிறது? ரெண்டு வழி சொல்வாங்க, வட்டி அதிகமா இருக்கிறத மொதல்ல, இல்ல தொகை சின்னதா இருக்கிறத மொதல்ல. கணக்குப்படி மொத வழிதான் லாபம், அதுல சந்தேகமே கெடையாது. ஆனா வீட்ல ஏழெட்டு கடன் சிதறிக் கெடந்து ரெண்டு பேருக்கும் தலையே சுத்துதுன்னா, ஒரு குட்டிக் கடன மொதல்ல முடிச்சு லிஸ்ட்ல கோடு போட்டுட்டு அப்புறம் அதிக வட்டிக்குப் போங்கன்னுதான் நான் சொல்வேன், அந்தக் கோடு குடுக்குற தெம்பு வேற எதுலயும் வராது. எந்த வழியா இருந்தாலும் மத்த எல்லாத்துக்கும் கட்ட வேண்டியதக் கட்டிட்டு மிச்சம் பிடிச்சது முழுசையும் ஒரே கடன்மேல போடணும், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தூவுனா எதுவும் முடியாது. ஒண்ணு முடிஞ்சதும் அதுக்குக் கட்டுன மாசத் தொகைய அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்பிடுங்க.

அதுக்கு முன்னாடி அவசரத்துக்குன்னு கொஞ்சம் தனியா இருக்கணும். ஒரு மாச வீட்டுச் செலவு அளவுக்கு வேற அக்கவுண்ட்ல போட்டு வைங்க, உடனே முடியலன்னா பாதி மாசமாவது. கார்டு வட்டி ஓடிட்டு இருக்கும்போது சும்மா பணத்தப் போட்டு வைக்கிறது முட்டாள்தனமாத் தோணும், ஆனா அது இல்லன்னா வண்டி ரிப்பேர் ஒண்ணு வந்தாலும் மறுபடி அதே கார்டத்தான் தேய்ப்பீங்க.

இப்ப செலவுப் பக்கம். பட்ஜெட் போடுறேன்னு உக்காந்து மளிகைக்கு இவ்வளவு கரண்ட்டுக்கு இவ்வளவுன்னு மனசுல தோணுனத எழுதாதீங்க, அது எல்லாமே கம்மியாத்தான் வரும். கடைசி மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கார்டு ஸ்டேட்மென்ட் போன்ல பணம் அனுப்புன ஹிஸ்டரி எல்லாத்தையும் எடுத்து வச்சு, நடந்தது என்னன்னு பாருங்க. வெளில சாப்பிட்டது, டெலிவரி சார்ஜ், யாருமே பாக்காத ரெண்டு மூணு ஓடிடி, ட்ரையலுக்குன்னு போட்டு மறந்துபோன ஆப், போகாத ஜிம், லேட் ஃபீ, அக்கவுண்ட்ல பணம் இல்லாம ஆட்டோ டெபிட் திரும்பிப் போனதுக்கு பேங்க் போட்ட ஃபைன்... இந்த ஃபைன் மட்டும் சில வீட்ல ஒரு சின்னக் கடன் தவணை அளவுக்கு வரும். தவணைத் தேதி எல்லாத்தையும் சம்பளம் வந்த மறுநாளு அதுக்கு மறுநாளுன்னு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, நெறைய எடத்துல மாத்திக் குடுப்பாங்க, ஃபைன் பிரச்சனை அதோட போயிடும்.

ஆனா சின்னதப் புடிச்சு தொங்கிட்டே இருந்தா வீட்ல சண்டைதான் மிஞ்சும். டீக்காசக் கேள்வி கேக்குறத விட வீட்டு வாடகை, ரெண்டாவது வண்டி, போன் இன்டர்நெட் பிளான், இன்சூரன்ஸ் இதுல கை வைங்க, இதெல்லாம் ஒரு தடவ முடிவு பண்ணா மாசாமாசம் தானா மிச்சமாகும், தெனமும் மனச அடக்கிட்டு இருக்க வேண்டாம். இன்சூரன்ஸ் ரெனியூவலுக்கு முன்னாடி ரெண்டு மூணு எடத்துல விலை கேளுங்க, ஆனா மருத்துவக் காப்பீட்டையே நிறுத்துறது மட்டும் வேண்டாம், ஒரு ஆஸ்பத்திரி பில் வந்தா இதுவரைக்கும் அடைச்சது எல்லாம் வீண். வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற செலவு, ஸ்கூல் ஃபீஸ் வண்டி இன்சூரன்ஸ் வரி மாதிரி, எல்லாத்தையும் கூட்டி 12ஆல வகுத்து மாசாமாசம் தனியா ஒதுக்குங்க, அந்தச் செலவு வரும்னு ஜனவரிலயே தெரியும்தானே.

யார் எவ்வளவு போடுறதுங்கிறதுல பாதிப் பாதின்னு நிக்கிறது பாக்க நியாயமா இருக்கும், சம்பளம் சமமா இருந்தா மட்டும்தான் அது நியாயம். ஒருத்தருக்கு 60,000 இன்னொருத்தருக்கு 40,000ன்னா பொதுச் செலவையும் கடனையும் 60க்கு 40ன்னு பிரிங்க. ஒருத்தர் வீட்டப் பாத்துக்கிறாங்க சம்பளம் இல்லன்னா வர்ற வருமானம் ரெண்டு பேரோடதுதான், அதுல பிச்சுப் பேச எதுவும் இல்ல. அப்புறம் கடன் எவ்வளவு இருந்தாலும் ரெண்டு பேருக்கும் கேள்வி கேக்காத கைச்செலவுன்னு ஒரு தொகை, சின்னதா இருந்தாலும் சமமா, கண்டிப்பா வைங்க. அது இல்லாத பட்ஜெட் ரெண்டு மாசம் தாங்காது, மூணாவது மாசம் ஒளிச்சு வாங்குறது ஆரம்பிச்சிடும்.

அந்தத் தொகைக்கு மேல எதுவா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி சொல்லிடணும், ஒரு நாள் ஆறப் போடணும்னு பேசி வச்சுக்கலாம். மாசம் ஒரு தடவ சம்பளம் வந்த வாரத்துல கால் மணி நேரம் உக்காந்து லிஸ்ட்டப் புதுப்பிங்க, பசியோடயோ தூங்கப் போற நேரத்துலயோ வேண்டாம். கணக்குல ஒருத்தர் கெட்டின்னா அவர் மட்டுமே பாத்துட்டு இருக்கக் கூடாது, ஒரு மாசம் அவர் அடுத்த மாசம் இவங்கன்னு மாத்தி மாத்திக் கட்டுங்க, இல்லன்னா ஒருத்தர் போலீஸ் ஒருத்தர் திருடன்னு ஆயிடும். "இத எதுக்கு வாங்குன"ன்னு ஆரம்பிக்கிற பேச்சும் "இந்த மாசம் பாக்கி எவ்வளவு கொறைஞ்சுது"ன்னு ஆரம்பிக்கிற பேச்சும் ஒரே எடத்துல போய் முடியாது, செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும்.

எல்லாக் கடனையும் ஒரே லோனா மாத்திக்கலாமாங்கிற கேள்வி எப்பவும் வரும். மாத்தலாம், புது வட்டி நெஜமாவே கம்மியா இருந்து, பிராசசிங் ஃபீஸ் பழைய லோன முன்கூட்டி முடிக்கிற சார்ஜ் எல்லாம் சேர்த்தும் லாபம் வந்தா. இதுல மாட்டுறது மாசத் தவணை கம்மியாகுதேன்னு வருஷத்த நீட்டிக்கிறதுலதான். 1,00,000 கடன் 12 பர்சென்ட்ல ரெண்டு வருஷம்னா தவணை 4,700 சொச்சம், மொத்த வட்டி 13,000 பக்கம். அஞ்சு வருஷம்னா தவணை 2,224 ஆயிடும், ஆனா வட்டி 33,000 தாண்டிடும். இன்னும் பெரிய ஆபத்து, காலியான பழைய கார்டுல மறுபடி செலவு ஆரம்பிச்சு ரெண்டு கடனாப் போய் நிக்கிறது.

சேர்ந்து கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இணைக் கடனாளின்னு போட்டா பொதுவா பாதிக்கு மட்டும் பொறுப்புன்னு கெடையாது, அடுத்தவர் கட்டலன்னா முழுசுக்கும் நீங்கதான். தாமதம் ஆனா ரெண்டு பேர் கிரெடிட் ஸ்கோரும், அதாவது கடன ஒழுங்காக் கட்டுறீங்களான்னு காட்டுற மார்க்கும், சேர்ந்து அடிவாங்கும்.

வேலை போயிடுச்சு, தவணை கட்டவே முடியலன்னு ஆயிட்டா போன எடுக்காம ஒளிஞ்சுக்கிறதுதான் எல்லாரும் செய்யிறது. தேதி தாண்டுறதுக்கு முன்னாடியே நீங்களே கூப்பிட்டு இவ்வளவுதான் கட்ட முடியும், காலத்த நீட்டித் தர முடியுமான்னு கேளுங்க, என்ன சொன்னாலும் எழுத்துல வாங்குங்க. பாதி கட்டுனாப் போதும் முடிச்சுக்கலாம்னு செட்டில்மென்ட் பேசுனா, முழுசா அடைச்ச கடன் மாதிரி அது ரெக்கார்டுல ஏறாது, அடுத்த லோனுக்கு அது தெரியும், அத யோசிச்சுட்டு ஒத்துக்கோங்க. முன்பணம் குடுங்க உங்க கடன நாங்க காலி பண்ணித் தர்றோம்னு யாராவது கூப்பிட்டா போன வச்சிடுங்க.

கடைசித் தவணை போனதும் அப்படியே விட்டுடாதீங்க, கடன் முழுசாத் தீர்ந்துடுச்சு பாக்கி எதுவும் இல்லன்னு எழுத்துல ஒரு லெட்டர் வாங்கி வைங்க, அடமானம் வச்ச பத்திரம் ஏதாவது இருந்தா திரும்பி வாங்குங்க, பேங்க்ல குடுத்த ஆட்டோ டெபிட் அனுமதிய கேன்சல் பண்ணுங்க. ஒரு ரெண்டு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து அந்தக் கடன் முடிஞ்சதாக் காட்டுதான்னு பாருங்க, ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனியா.