தகிட இல்லை, தகதிமி

டொராண்டோவில் தங்கச்சியின் ரிசப்ஷன். முதல் நடனப் பாட்டைத் தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. இருவருக்கும் பிடித்த ரஹ்மான் பாட்டு ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஒத்திகையில் நாலாவது அடியிலேயே மாப்பிள்ளை அவள் காலை மிதித்துவிடுவார். ஒரு வாரம் அவரைத்தான் குறை சொன்னோம், பாவம்.

அப்புறம் சும்மா கையில் தாளம் போட்டுப் பார்த்தேன். யூடியூபில் அவர்கள் பழகியது வால்ட்ஸ் என்ற மேற்கத்திய ஜோடி நடனம். மூன்று எண்ணிக்கை, தகிட தகிட. பாட்டோ நான்கு எண்ணிக்கை, தகதிமி. எப்படிப் பொருந்தும்? பாட்டை மாற்றத் தங்கச்சி சம்மதிக்கவில்லை. சரி, அடியை மாற்றினோம்: பக்கவாட்டில் இரண்டு, திரும்பி வர இரண்டு.

அடுத்த தொல்லை நீளம். 6 நிமிடம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் முன்னிசையைக் குறைத்து, பிரிவைப் பாடும் இரண்டாம் சரணத்தைத் தூக்கினேன் (கல்யாண மேடையில் அது எதற்கு!). கடைசி 10 நொடி மெல்லத் தேயும்படி வைத்தேன். மொத்தம் 2 நிமிடம் 40 நொடி. வெட்டும் இடம் சரியாகத் தாளத்தின் முதல் தட்டில் விழ வேண்டும். இல்லாவிட்டால் ஆடுகிறவர்களின் எண்ணிக்கை குழம்பிவிடும். எனக்கே மூன்று முறை தவறியது.

அன்று மாப்பிள்ளை மிதித்தது லெஹங்காவின் ஓரத்தை மட்டும்தான்.