தண்ணீரும் காலநிலையும்: கொங்கில் மேடையேறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தண்ணீரையும் காலநிலை மாற்றத்தையும் பற்றிப் பேச வருகிறவர்கள் பலர் அகில இந்தியப் படங்களோடு வந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலம் பூசிய வரைபடம். நாட்டின் மழையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த நான்கு மாதங்களில் என்று ஒரு வரி. எதிரே உட்கார்ந்திருப்பவர் பல்லடத்துக்காரர். அவருக்கு ஆனியும் ஆடியும் காற்று மாதங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைகளைச் சுற்றவிட்டுப் போய்விடும். அவர் காட்டை நனைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரையில் வரும் கோடை மழையும்தான். "இது நம்மூருக்கு இல்லீங்க" என்று முதல் படத்திலேயே மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார். அதன்பின் நீங்கள் சொல்லும் சரியான செய்தியும் அவரிடம் போய்ச் சேராது.

வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. மலையிறங்கி வந்தால் கோவையில் 600, 700 மி.மீ. அளவுதான். மலை மழையைத் தடுத்துக்கொள்ளும் இந்த மழை மறைவுதான் கொங்கின் அடிப்படைக் கதை. ஆனால் மலையில் பெய்யும் அதே தென்மேற்குப் பருவமழைதான் பவானிசாகரையும் பரம்பிக்குளம் ஆழியாறு அணைகளையும் நிரப்புகிறது. வாய்க்கால் தண்ணீர் ஒரு பருவத்தை நம்பி, மானாவாரிச் சோளம் இன்னொரு பருவத்தை நம்பி. இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் "பருவமழை குறைகிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், கீழ்பவானி ஆயக்கட்டுக்காரருக்கும் காங்கயத்து மேய்ச்சல்காட்டுக்காரருக்கும் அது வெவ்வேறு பொருள் தரும்.

பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. எல் நினோ வந்தால் வறட்சி என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவத்துக்கு அது பல ஆண்டுகள் பொருந்தியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையோ எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூடுதலாகப் பெய்ததும் உண்டு. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது அப்போதுதான். எல் நினோ முடிந்துபோன 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அடுத்த கோடையில் காய்ந்து நின்ற தென்னைகளை மறக்காதவர்கள் முன்னால்தான் நீங்கள் பேசுகிறீர்கள்.

எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடாதீர்கள்

என் பார்வையில் இதுதான் மிக மோசமான தவறு. நொய்யல் ஆறு கெட்டது காலநிலையால் அல்ல, சாயக்கழிவால். அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் இடமாகிப்போனது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஊரே அறிந்த இந்த வரலாற்றை ஒரு வரிகூடச் சொல்லாமல் கார்பன் வரைபடம் காட்டுகிறவரை யார் நம்புவார்கள்?

நிலத்தடி நீர் இறங்கியதற்கும் முதற்காரணம், மழையாக உள்ளே இறங்குவதைவிட அதிகமாக நாம் மேலே எடுப்பதே. அதைச் சொல்லும்போது பழியை விவசாயி தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஆலைகளும் வளரும் நகரங்களும் அதே பாறையிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

காலநிலை மாற்றத்தின் பங்கு என்ன என்பதைத் தனியாக, அளவோடு சொல்லுங்கள். வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் காற்றால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்க முடியும். அதனால் பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. வெயில் ஏற ஏறக் குட்டையிலிருந்து ஆவியாவதும் தென்னை கேட்கும் தண்ணீரும் கூடும். வெப்பம் உயர்வதை உறுதியாகச் சொல்லலாம். நொய்யல் போன்ற ஒரு சிறு படுகையில் 2050இல் எத்தனை மி.மீ. பெய்யும் என்று அதே உறுதியோடு சொல்லக் கூடாது.

பாறையை மறந்துவிட்டு நிலத்தடி நீரை விளக்குவது

பாடப்புத்தகப் படத்தில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் நீலமாக ஓர் ஏரி. கொங்கின் பெரும்பகுதிக்கு அது பொருந்தாது. இங்கே கீழே இருப்பது கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறை ஓரளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பழைய திறந்த கிணறுகள் நம்பியிருந்தது அதைத்தான். அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர். ஆயிரம் அடி தாண்டி ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டும் வெறும் புழுதி பறப்பது இதனால்தான். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பது இந்தப் பாறையில் எடுபடாது. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும்.

இதற்குப் படமே வேண்டாம். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போகின்றன. அதில் வேலை பார்த்த ஒருவர் அநேகமாக உங்கள் கூட்டத்திலேயே இருப்பார். அவரை மேடைக்கு அழைத்து, போர் ஓட்டும்போது என்ன வெளியே வருகிறது என்று கேளுங்கள். முதலில் மண், பிறகு உதிரிக்கல், பிறகு சாம்பல் நிறத் தூள். வெடிப்பு வந்தால் தூள் ஈரமாகி, சேறாகி, தண்ணீர் பீறிடும். நீங்கள் அரைமணி நேரம் சொல்ல நினைத்ததை அவர் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவார். பெருமழை இரண்டே நாளில் கொட்டினால் ஏன் அது பாறைக்குள் இறங்காமல் பள்ளத்தில் ஓடிப்போகிறது என்பதை அங்கிருந்தே தொடங்கலாம்.

கசிவைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் தேவை. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதில் விவசாயிகளே இரு தரப்பாக நிற்கிறார்கள். கடைமடைக்காரருக்குக் கசிவு இழப்பு. வாய்க்காலை ஒட்டிய கிணற்றுக்காரருக்கு அதே கசிவுதான் வாழ்வு. "கசிவு வீண்" என்று ஒரு சொல்லில் தீர்ப்பு சொன்னால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும், அதில் நியாயமும் உண்டு.

அளவும் நேரமும்

டி.எம்.சி., கனஅடி என்று எண்களை அடுக்காதீர்கள். ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் எட்டு லோடுக்கு மேல். லோடு கணக்கில் காசு கொடுத்துத் தென்னையைக் காப்பாற்றியவருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகும் நேரம் அது. பம்புசெட் ஓட்டும் மூன்று முனை மின்சாரம் வரும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உப்புத் தண்ணீரில் எதெதைச் சமாளிக்கலாம் என்ற கணக்கெல்லாம் பெண்களிடம் இருக்கிறது. அவர்கள் வர முடியாத நேரத்தில் தண்ணீர்க் கூட்டம் நடத்துவதில் பயனில்லை.

கேள்வி நேரத்துக்குப் பாதி நேரத்தையாவது ஒதுக்குங்கள். "தேங்காய் வெச்சு நீரோட்டம் பாக்கறது நெசமுங்களா?" என்று ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார். சிரித்துவிடாதீர்கள். பல லட்சம் கடன் வாங்கி இடம் தேடியவரின் கேள்வி அது. தேங்காய் எழுந்து நிற்பதற்கும் கீழே தண்ணீர் இருப்பதற்கும் தொடர்பு உண்டென்று சோதனைகளில் தெரியவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்றில் தண்ணீர் வந்து மற்றொன்று பொய்த்துப்போவது வெடிப்புப் பாறையின் இயல்பு என்று விளக்குங்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, பாறை அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளவிட்டு இடம் பார்க்கும் முறை இருக்கிறது, அதுவும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.