புது ஆம்ப் வாங்குமுன் பழையதன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

50 வாட் ஆம்பிளிஃபையரை எடுத்துவிட்டு 100 வாட் வைத்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது "கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்ற அளவே. சத்தம் இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 60-லிருந்து 80 வாட்டுக்குப் போனால் ஒன்றேகால் டெசிபல்கூட முழுதாகத் தேறாது. அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வாட் தரத்தைப் பாதிப்பது ஒரே இடத்தில்: இசையின் உச்சத்துக்குத் தேவையான வோல்ட்டை ஆம்பால் கொடுக்க முடியாதபோது. அப்போது அலையின் தலை வெட்டுப்படும், இதுதான் கிளிப்பிங். தாளத்தின் அடி மழுங்கும், குரல் கரகரக்கும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் சரக்கு கூடுவதாலும், சராசரி வாட் ஏறுவதாலும் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) சுடும். சின்ன ஆம்பை முழுக்கத் திருகி வைத்து ட்வீட்டர் கருகுவது இப்படித்தான்.

உங்கள் ஆம்ப் அந்த எல்லையைத் தொடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும், மைனஸ் 12 டெசிபல் அளவில் பதிவான 120 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே சுருதியில் நிற்கும் சுத்தமான ஒலி) ஒன்றும் போதும். வழக்கமாகக் கேட்கும் அதே ஆப், அதே கருவி வழியாகவே டோனை ஓட்ட வேண்டும். ஆப்பில் வால்யூமைத் தானாகச் சமன்செய்யும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் டோனின் அளவு மாறிக் கணக்கே தப்பாகும்.

முதலில் நீங்கள் கேட்கும் மிகச் சத்தமான பாட்டைப் போட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்ற இடத்தில் வால்யூமை நிறுத்துங்கள். குமிழின் இடத்தையோ திரையில் உள்ள எண்ணையோ குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, வயர்கள் இல்லாமலேயே ஆம்பை மீண்டும் ஆன் செய்து, அதே வால்யூமில் டோனை ஓட்டுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு சேனலின் (இடது அல்லது வலது) பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவே அளக்கவும். மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆம்பின் உலோக உடலிலும் படக் கூடாது, ஏனென்றால் பல ஆம்ப்களில் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல. வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வைத்த பழைய பாணி ஆம்ப்) வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்: ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும்.

மைனஸ் 12 டெசிபல் என்பது முழு அளவில் நான்கில் ஒரு பங்கு வோல்ட். ஆகவே கிடைத்த எண்ணை நான்கால் பெருக்கி, வர்க்கமாக்கி, ஸ்பீக்கரின் ஓம் எண்ணால் வகுங்கள். மீட்டர் 2 வோல்ட் காட்டினால் 8 வோல்ட்; 64-ஐ 8 ஓமால் வகுக்க 8 வாட். பாட்டின் உச்சங்களும் இதற்குள் அடக்கம். வீட்டில் கேட்பவர்களில் பலர் இந்த எண்ணைக் கண்டு திகைப்பார்கள். ஆம்பின் ஆர்எம்எஸ் வாட்டில் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்) பாதிக்கும் கீழே விடை வந்தால் ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்பீக்கர் நிற்கும் இடத்தையும் அறையையும் கவனியுங்கள். எல்லையை ஒட்டியோ தாண்டியோ வந்தால் இரண்டு மடங்குக்குக் குறையாத ஆம்ப் தேடுங்கள். பாஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றிக் கேட்பவர்கள் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் செலவாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஆம்பே வாங்காதவர்கள் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியிலிருந்து தொடங்கலாம். 87 டெசிபல் என்றால் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம். சாதாரண அறையில், மூன்று மீட்டர் தள்ளி, இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து தோராயமாக 84 தரும். உச்சத்தில் 100 டெசிபல் வேண்டுமென்றால் 16 டெசிபல் பாக்கி: சேனலுக்கு 40 வாட். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதுவே 80 வாட், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட். ஒரு விஷயம்: 4 ஓம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 2.83 வோல்ட்டுக்கு என்று போட்டிருந்தால் அது இரண்டு வாட் கணக்கு; 3 டெசிபல் கழித்துவிடுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட வாட்டில் பிஎம்பிஓ (கணநேர உச்சத்தை ஊதிப் பெருக்கிச் சொல்லும் எண்) என்று இருந்தால் கண்டுகொள்ளாமல் விடுங்கள். ஆர்எம்எஸ் எண்ணிலும் எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று பாருங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் சொன்ன வாட், ஏற்கெனவே கிளிப் ஆகிக்கொண்டிருக்கும் வாட். வால்யூம் குமிழ் கால்வாசியிலேயே அலறினால் அது கெய்ன் (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் பெருக்கும் அளவு) அதிகம் என்பதற்கு அடையாளம், வாட்டுக்கு அல்ல.

இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது ஸ்பீக்கரை மாட்டியபடியே அதே டோனைத் தாழ்ந்த வால்யூமில் ஓட்டி, இரண்டிலும் ஸ்பீக்கர் முனைகளில் வரும் வோல்ட்டை ஒரு சதவீதத்துக்குள் சமன்செய்த பிறகே பாட்டைப் போடுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவதையே நல்லது என்று காது தேர்ந்தெடுத்துவிடும்.