காப்பீட்டு கார்டு: உடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்து வெச்சுக்கோங்க

நான் ஸ்டாஃப் நர்ஸ், முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்கள தினமும் வார்டுல பாக்குறேன். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகுது, ஆனா நெஞ்சுவலி வந்தப்புறம்தான் கார்டுக்கு அலையுறாங்க, அதான் வேதனை.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா விஏஓ கிட்ட வருமான சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு, ஆதார் ரெண்டும் ஒரிஜினலா எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்கு போங்க. முகாம்ல இருக்குற இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி ரேஷன் கார்டுல எல்லார் பேரும் இருக்கான்னு பாருங்க, புதுசா வந்த மருமக பேரு, பொறந்த குழந்தை பேரு இதெல்லாம் சேக்காம விட்டுட்டு அப்புறம் அவசரத்துல அந்த பேருக்காகவே அலைய வேண்டியிருக்கும். ஆதார்ல முருகேசன், ரேஷன்ல முருகேஷ்னு இருந்தாலும் இப்பவே சரி பண்ணிடுங்க.

ப்ரைவேட் ஹாஸ்பிடல் போனா அந்த ஹாஸ்பிடல் திட்டத்தோட லிஸ்ட்ல இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, உங்க வியாதிக்கான டிபார்ட்மென்ட் லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க, ஏன்னா கண்ணுக்கு அனுமதி இருக்குற இடத்துல ஹார்ட்டுக்கு இருக்காது. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி காப்பீட்டு கவுண்டருக்கு போங்க. அவங்கதான் ரிப்போர்ட் எல்லாம் அனுப்பி அப்ரூவல் வாங்கணும், கையில காசு கட்டி ட்ரீட்மென்ட் முடிச்சிட்டு அப்புறமா பணத்த திருப்பி வாங்குற திட்டம் இல்ல இது. ஒரு அக்கா, புருஷனோட ஹார்ட் அடைப்புக்கு ஸ்டென்ட் வெக்க கம்மல், செயின் ரெண்டையும் அடகு வெச்சு கட்டிட்டு வந்தாங்க, கார்டு மஞ்சப்பைக்குள்ளயே இருந்துச்சு, அங்க ஒருத்தர் கூட கேக்கல. எனக்கு இன்னும் மனசு ஆறல.

ஜிஎச்ல எல்லாம் ஃப்ரீதானே கார்டு எதுக்குன்னு நிறைய பேர் கேப்பீங்க. அவசியம் குடுங்க. உங்க கார்டுல ஆபரேஷன் நடந்தா அந்த க்ளெய்ம் பணம் ஜிஎச்சுக்கே வருது, அதுல இருந்துதான் மூட்டு இம்ப்ளான்ட், ஸ்டென்ட், மெஷின் ரிப்பேர்னு செலவு பண்றாங்க. என்னைக் கேட்டா ஜிஎச்ல பண்ணக்கூடிய ஆபரேஷன்னா அங்கயே பண்ணுங்கன்னுதான் சொல்வேன், மக்கள் பணம் மக்கள் ஆஸ்பத்திரிக்கே போகட்டும், கூட்டமா இருக்கும் காத்திருக்கணும் அது உண்மைதான், ஆனா அங்க இருக்குற சர்ஜன் கை பழகுன கை.

ரோட்டுல ஆக்சிடென்ட்னா கார்டு தேடிட்டு நிக்காதீங்க, 108க்கு அடிங்க. இன்னுயிர் காப்போம் திட்டத்துல, லிஸ்ட்ல இருக்குற ஆஸ்பத்திரில முதல் 48 மணி நேரம் யாரா இருந்தாலும் ஃப்ரீ, வெளிமாநிலத்துக்காரங்களுக்கும் சேர்த்துதான்.

கார்டு இருந்தும் ஹாஸ்பிடல்ல காசு கேட்டா சண்டை போடாம ரசீது குடுங்கன்னு கேளுங்க, அங்க நின்னுக்கிட்டே 1800 425 3993க்கு போன் பண்ணி சொல்லுங்க, டோல் ஃப்ரீதான்.