ஆரக்கிள் கார்டு செய்ய பழைய சீட்டுக்கட்டே போதும்

சொந்தமா ஆரக்கிள் கார்டு (கலைச்சு ஒண்ணு எடுத்து, அதுல இருக்கற படத்தை வச்சு பலன் பார்க்கற கார்டு) செய்யணும்னா அட்டை வாங்கி வெட்டிட்டு இருக்காதீங்க, பழைய சீட்டுக்கட்டை எடுத்து ஒவ்வொரு சீட்டோட முகத்தையும் நைஸ் உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சு, வெள்ளை ஜெஸ்ஸோ (பெயின்ட் நல்லா பிடிக்க முதல்ல அடிக்கற பூச்சு) மெல்லிசா ரெண்டு கோட்டிங் அடிச்சு, காஞ்சதும் அது மேல வரைங்க. சீட்டு மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும், தேய்க்காம அடிச்சா பெயின்ட் உரிஞ்சு வந்துடும். அளவு, வளைஞ்ச மூலை, பின்பக்க டிசைன் எல்லாம் அச்சா ஒண்ணா இருக்கறதால கலைச்சு எடுக்கும்போது எந்த கார்டுன்னு தெரியாது, கையால வெட்டினா இது வரவே வராது. டாரட்டுங்கற இன்னொரு வகை பலன் பார்க்கற கட்டுக்கு 78 சீட்டு வேணும், ஆரக்கிளுக்கு அந்த கணக்கெல்லாம் கிடையாது, அதனால ஜோக்கர் சேர்த்து 54 சீட்டுல முதல் மழை வாசனை, தொலைஞ்ச சாவி கிடைச்சது, பால் பொங்குறதுன்னு அன்றாட மேஜிக் எது வேணா வரையலாம். காயும்போது சீட்டு வளைஞ்சா கனமான புக்குக்கு அடியில ஒரு ராத்திரி வைங்க.

முழு பிளாஸ்டிக் சீட்டுல இது சரிவராது, பெயின்ட் நிக்காது. படம் வெட்டி ஒட்டுறவங்களுக்கும் வேணாம், கட்டு தடிச்சுப்போய் கலைக்கவே முடியாது.